கள்ளுக் குடித்தவன் தொடக்கூடாத மூங்கில்

கருப்பம்மாளைப் புலி தூக்கிப் போன நான்காம் நாளே பத்தொன்பதாம் நம்பர் காட்டில் மறுபடியும் பால் வெட்டவேண்டும் என்று துரை உத்தரவு போட்டுவிட்டார். ரப்பர்த் தோட்டத்தில் மரம் நிற்கிற ஒவ்வொரு துண்டுக்கும் காடு என்றுதான் பெயர். மற்றதெல்லாம் பெயருக்குக் காடு. பத்தொன்பது மட்டும் நிஜக் காட்டோடு தோள் உரசிக்கொண்டு சுண்ணாம்பு மலையடிவாரத்தில் கிடந்தது. பெருவெள்ளம் வந்து போன மறு வருஷம் அது. வெள்ளத்தோடு பன்றியும் மானும் போய்விட, மலையில் இருந்த புலி சாப்பாடு தேடிக் கீழே இறங்கிவிட்டது என்று சொன்னார்கள். கருப்பம்மாளின் பால் வாளி மட்டும் ஒரு சொட்டுச் சிந்தாமல் மரத்தடியில் வைத்தபடியே இருந்தது.

அவளுக்கு அடுத்த நிரை செல்லாயியுடையது. முன்னூறு மரம்.

செல்லாயியின் புருஷன் ராமையாவுக்கு வேலை நாலாம் நம்பரில், பால் கொட்டகைக்கும் கள்ளுக்கடைக்கும் நடுவில். புலி அங்கே வருவதென்றால் கணக்கு எழுதுகிற கிராணியிடம் வழி கேட்டுக்கொண்டுதான் வரவேண்டும். ராமையாவுக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது. பயம் அடிக்கடி வரும் என்பதால் தோட்டத்தில் அவனுக்கு வேடிக்கைக்காரன் என்று பெயர் வந்திருந்தது. அன்று விடியுமுன், பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகிற வழியில், அவனுக்கு வேடிக்கை எதுவும் வரவில்லை.

"நான் உன் நிரைக்குப் போறேன் புள்ள. நீ என் நிரைக்குப் போ."

"நீ போயி? போன மாசம் ஒரு பூரான் வந்ததுக்கு, பாயோட சேத்து என்னையும் உதறிட்டு ஓடுன ஆளு."

"அது பெரிய பூரான்."

"சரி, எனக்கு நீ மாத்து. கருப்பம்மா நிரையில நிக்கப்போறவளுக்கு யாரு மாத்து? அவளுக்கும் உசுரு ஒண்ணுதான்." செல்லாயி பால் கத்தியை இடுப்பில் செருகினாள். "போகத்தான் வேணும்னா அங்க ஒரு துப்பாக்கிக் காவல் வேணும். துரைகிட்டக் கேளு. இத்தனை பேச்சு பேசுறியே, அந்தப் பேச்ச அங்க பேசு."

அவள் போய்விட்டாள். அன்று நாலாம் நம்பரில் ராமையா பட்டையைச் சீவினானா, தன் விரலைச் சீவினானா என்பது அவனுக்கே தெரியாது. மதியம் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு அவள் முழுசாகத் திரும்பி வருவதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டான். நாளைக்கும் இப்படியேதான். நாளை மறுநாளும். மூச்சை இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருக்க அவன் என்ன முத்துக் குளிக்கிறவனா?

சாயங்காலமே பங்களாவுக்குப் போனான்.

துரையிடம் மூன்று துப்பாக்கிகள் இருந்தன. கருப்பம்மாள் செத்த மறுநாள் அவரே மரத்தில் பரண் கட்டி, ஒரு துப்பாக்கியும் ஒரு போத்தலுமாக உட்கார்ந்தார். இருட்டுகிற நேரத்தில் இரண்டு கண் மின்னியது. சுட்டார். காலையில் போய்ப் பார்த்தால் சின்னையா தண்டலின் கிடேரி. மேஸ்திரி வேலை பார்த்த சின்னையாவுக்கு அழக்கூட முடியவில்லை. "குறி தப்பலீங்க துரை" என்று சொல்லவேண்டியதாகிவிட்டது.

"துரைகிட்ட மூணு இருக்குங்க," என்றான் ராமையா. "ஒண்ணு காவலுக்குக் குடுத்தீங்கன்னா பொம்பளைங்க நிம்மதியா வெட்டுவாங்க."

துரைக்குத் தமிழ் தெரியும். பழைய கங்காணிகளிடம் கற்றுக்கொண்ட தமிழ் என்பதால் அதில் மரியாதை என்கிற பகுதி மட்டும் விட்டுப்போயிருந்தது. "கூலி கையிலே துப்பாக்கியா? புலி ஒரு ஆள் தின்னும். கூலி கையிலே துப்பாக்கி வந்தா பத்து ஆள் சாகும். மொதல் ஆள் நான்!" என்று சொல்லிச் சிரித்தார். ராமையாவும் கூடச் சிரித்து வைத்தான். கூலிக்காரர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்துக்குத் திரும்பும்போதுதான் யோசித்தான். முதல் ஆள் தான்தான் என்று துரைக்கு எப்படி அவ்வளவு நிச்சயமாகத் தெரிகிறது?

துரை இல்லாவிட்டால் சர்க்கார். சின்னக் கிராணி அந்தோணிமுத்து, காவலுக்கு ஒரு துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும் என்று இங்கிலீஷில் அழகாக மனு எழுதிக் கொடுத்தார். லயத்தில் வீடு வீடாகப் போய் ராமையா கைநாட்டு வாங்கினான். முத்தம்மா மட்டும் விரலைக் கொடுக்கவில்லை. அவளும் பத்தொன்பதாம் நம்பரில் வெட்டுகிறவள்தான்.

"அக்கா, உங்களுக்கும் சேத்துதானே கேக்குறோம்!"

"எனக்கு வேணாம் ராமையா. எம் புருஷன் மாயாண்டி தஞ்சோங் மாலிம் பக்கம் காவக்காரனா இருந்தான். பன்னி சுடத் துப்பாக்கி குடுத்தாங்க. அவன் தம்பி குடிச்சிட்டு வந்து வெளையாட்டா எடுத்து நீட்டுனான். அண்ணன் தம்பிக்குள்ள ஒரு சண்டையும் கெடையாது. சாப்பிட உக்காந்துக்கிட்டு இருந்தாங்க." அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "துப்பாக்கிக்குச் சண்டை வேணும்னு இல்ல. ஒரு கை கெடைச்சாப் போதும்."

ராமையா மனுவை மடித்துக்கொண்டு எழுந்து வந்தான்.

ஈப்போவில் ஒரு சர்க்கார் ஆபீஸ். மேசைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட யாழ்ப்பாணத்துக் கிளார்க் ஒருவர். மனுவை இரண்டு தரம் படித்தார்.

"உமக்கென்ன சொத்துக் கிடக்கு?"

"ஒண்ணும் இல்லீங்க."

"சொத்தில்லாத ஆளுக்குத் துவக்கு எதுக்கு?"

"சொத்துத்தான் இல்லீங்க. பொண்டாட்டி இருக்கா."

கிளார்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனுஷர்தான். "மனுசிக்காகத் துவக்கு கேட்டு இஞ்ச ஒருத்தரும் வந்ததில்லை, ராமையா. என்னால செய்யேலாது. உங்கட துரையிட்ட ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வாரும், பாப்பம்."

துரை சர்க்கார் பக்கம் கைகாட்ட, சர்க்கார் துரை பக்கம் கைகாட்ட, ராமையா நடுவில் பஸ் ஏறினான்.

பஸ் ஒரு கம்பத்தை, அதாவது மலாய்க்காரர் கிராமத்தை, தாண்டும்போது இடி மாதிரி ஒரு சத்தம். ராமையா இருக்கைக்கு அடியில் இருந்தான். எப்போது போனான் என்று அவனுக்கே தெரியாது. பக்கத்தில் இருந்த ஹுத்தான் மெலிந்தாங் ஊர்க் கருவாட்டு வியாபாரி குனிந்து பார்த்தார்.

"என்ன அண்ணே, சில்லறை விழுந்திருச்சா?"

"யாரோ சுட்டுட்டாங்க!"

"ராயாப் பெருநாள் வருதுலா. கம்பத்துல மூங்கில் வெடி விடுறாங்க. வெளிய வாங்க, கருவாட்டுக் கூடையிலே காலை வச்சிருக்கீங்க."

ராமையா வெளியே வந்தான். அடுத்த வளைவிலேயே இறங்கி, கருவாட்டு வாசனையோடு திரும்பி நடந்தான். கம்பத்து இளவட்டங்கள் சிரித்துக்கொண்டே செய்து காட்டினார்கள். தொடை கனத்தில் ஒரு மூங்கில். உள்ளே கணுக்களை இடித்து எடுத்துவிட்டு, கடைசிக் கணுவை மட்டும் விட்டுவைக்க வேண்டும். அதன் அருகே மேல்புறம் ஒரு சின்னத் துளை. சைக்கிள் விளக்குக்குப் போடுகிற கார்பைட் கல்லை உள்ளே போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டால் சீறும். துளையில் நெருப்பைக் காட்டினால் போதும். லைசென்ஸ் இல்லை, துரையின் கடிதம் இல்லை. சீனன் சைக்கிள் கடையில் ஒரு டின் கார்பைட் வாங்கும்போது ராமையாவின் நெஞ்சு கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் பின்னால் சோதனை. கம்பத்துப் பிள்ளைகள் சொன்னதில் ஒன்றே ஒன்றை மறந்துவிட்டான்: நெருப்பை நீளக் குச்சியில் காட்டவேண்டும். வெடித்த வெடியில் கோழிகள் கூரையேறின. ராமையாவின் இரண்டு புருவமும், மீசையில் இடப்பக்கமும் காணாமல் போயின.

செல்லாயி ஓடிவந்து முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண் இரண்டும் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "மூங்கில எதுக்குய்யா காட்டுக்குத் தூக்கணும்? உன் மூஞ்சியக் காட்டுனாப் போதும், புலி தஞ்சோங் மாலிம் வரைக்கும் ஓடும்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முத்தம்மா வந்து மூங்கிலின் எதிரில் நின்றாள்.

"இதுல குண்டு இருக்கா?"

"இல்லக்கா. சத்தமும் நெருப்பும்தான்."

"வாயில ஒரு கல்லைப் போட்டா?"

ராமையா பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தான்கூட. முத்தம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது வரவில்லை. "போட்டா... போகும்க்கா."

"அப்ப இதுவும் அதுதான்."

"அக்கா, வேணாம்னு சொல்லிராதீங்க," என்றாள் செல்லாயி. அப்போது அவள் சிரிக்கவில்லை. "விடிகாலையில மரத்துக்கு மரம் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வெட்டுறேன். நீங்களும் அப்படித்தான் வெட்டுறீங்க. நான் பாக்குறேன்ல?"

முத்தம்மா அந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். "வேணாம்னு சொல்லல. ஆனா ஒரு கட்டுப்பாடு வேணும். கல்லு, ஆணி எதுவும் உள்ள போகக்கூடாது. மூங்கில் ஒரு வீட்டுல, கார்பைட் இன்னொரு வீட்டுல. ரெண்டும் பத்தொன்பதாம் நம்பர்லதான் ஒண்ணு சேரணும். அப்புறம், கள்ளுக் குடிக்கிறவன் யாரும் தொடக்கூடாது."

கூட்டத்தில் இருந்த ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்ததில், கடைசியில் அந்தோணிமுத்து கிராணி ஒருவர்தான் மிஞ்சினார். தான் தொடுவதே இல்லை என்றார் அவர். அவர் மனைவி ஆலிஸ் சிரித்த சிரிப்பில் அவரும் கழிந்தார்.

"அக்கா, இது நான் செஞ்ச வெடி!" என்று கத்தினான் ராமையா. "என் மீசை போயிருக்கு!"

"மீசை போச்சு. கள்ளு போச்சா?"

ராமையா யோசித்துப் பார்த்தான். "இல்லக்கா."

அப்படித்தான், வெடியைக் கண்டுபிடித்தவனே அதைத் தொடக்கூடாதவன் ஆனான். இரண்டு நாள் குடிக்காமல் இருந்தும் பார்த்தான். மூன்றாம் நாள் கள்ளுக்கடைக்காரர் உடம்புக்கு என்னவோ ஏதோவென்று வீடு தேடி வந்துவிட்டார். இவ்வளவு பாசத்தை எப்படி முறிப்பது?

மூங்கில் செல்லாயி வீட்டில் இருந்தது. கார்பைட் முத்தம்மா வீட்டில் இருந்தது. பத்தொன்பதாம் நம்பர்ப் பெண்கள் விடிகாலையில் போனதும் ஒரு வெடி, பாதி வெட்டில் ஒரு வெடி, பால் எடுக்கும்போது ஒரு வெடி. ஒரு மாதமாயிற்று. புலியின் கால் தடம் மலையடி ஓடைக்கு அந்தப் பக்கமே நின்றது. செல்லாயி திரும்பிப் பார்க்காமல் வெட்ட ஆரம்பித்தாள். வெடிச்சத்தம் புலியின் காதில் விழுந்த மாதிரியே பங்களாவிலும் விழுந்தது. துரையின் காலைச் சாயா மூன்று தரம் மடியில் கொட்டியதாகச் சமையற்காரன் சொன்னான்.

ஒருநாள் பெரட்டுக்குத் துரை குதிரையில் வந்தார். கூடவே இரண்டு போலீஸ்காரர்களோடு ஒரு மலாய்க் கோப்ரல். சின்னையா தண்டல் பெயர்ப்புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"கூலி துப்பாக்கி வச்சிருக்கான்," என்றார் துரை. "எடு வெளியே!"

செல்லாயி மூங்கிலைக் கொண்டுவந்து கோப்ரலின் காலடியில் வைத்தாள். அவர் குனிந்து துளையைப் பார்த்தார், வாயைப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். சின்ன வயது ஞாபகம் ஏதோ வந்திருக்கவேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டார். "துவான், இனி மெரியாம் பூலோ," என்றார். இது மூங்கில் வெடி, ராயாவுக்கு எங்கள் கம்பத்தில் எல்லோரும் விடுவது, துப்பாக்கிப் பதிவேட்டில் மூங்கிலை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியாது என்று மலாயில் விளக்கினார்.

துரையின் கழுத்து சிவந்தது. "சர்க்கார் சட்டம் இல்லேன்னா என் சட்டம். இது என் தோட்டம். யார் செஞ்சது?"

ராமையா பேசாமல் நின்றிருந்தால் யாரும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அது அவனுக்கும் தெரியும். ஆனால் துரையின் பார்வை மூங்கிலைக் கொண்டுவந்த செல்லாயியின் மேல் போய் நின்றது. கால் நடுங்குவதால் வேட்டி அவிழ்ந்துவிடக்கூடாதே என்று ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ராமையா முன்னே வந்தான்.

"நான்தாங்க."

"நீயா?" துரை குதிரைமேல் இருந்தபடியே கோடரி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். "இந்தா. எல்லார் முன்னாலேயும் நீயே உடை. உடைச்சா வேலை இருக்கு. இல்லேன்னா மத்தியானத்துக்குள்ளே லயம் காலி பண்ணு."

கோடரி கைக்கு வந்தது. ராமையா செல்லாயியைப் பார்த்தான். அவள் மலைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வெட்டு, அவ்வளவுதான். வீடு இருக்கும், வேலை இருக்கும், கள்ளுக்கடைக்காரரின் பாசம் இருக்கும். நாளை விடிகாலையில் அவள் மரத்துக்கு மரம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவன் கோடரியைத் தரையில் வைத்தான். "முடியாதுங்க. எனக்கு அதைத் தொட அனுமதி இல்லீங்க."

"என்ன அனுமதி?"

"கள்ளுக் குடிக்கிறவன் தொடக்கூடாதுன்னு லயத்துல சட்டம் இருக்குங்க. நான் நேத்துக்கூடக் குடிச்சேன்."

"கூலிக்குச் சட்டமா! யார் போட்டது?"

"நான் போட்டேங்க." முத்தம்மா வரிசையை விட்டு வந்தாள். குரலை உயர்த்தவில்லை. "கல்லுப் போடக்கூடாது, குடிச்சவன் தொடக்கூடாது, வெடி ஒரு எடம் மருந்து ஒரு எடம். ஒரு மாசமா ஒருத்தரும் மீறல. உங்க மூணு துப்பாக்கிக்கு என்ன சட்டங்க? பரணுக்குப் போத்தலோட ஏறுனீங்க. எங்க சட்டப்படி பாத்தா நீங்களும் தொடக்கூடாது."

கோப்ரலுக்குத் தமிழ் தெரியுமோ என்னவோ, அண்ணாந்து வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"போ!" என்று கத்தினார் துரை. "கத்தி எடு! காட்டுக்குப் போ! மூங்கில் இங்கேயே கிடக்கட்டும்!"

முத்தம்மா உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் செல்லாயி உட்கார்ந்தாள். பத்தொன்பதாம் நம்பர்ப் பெண்கள் பதினெட்டுப் பேரும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்கள்.

"துரை நாளைக்கு விடிகாலையில உங்க துப்பாக்கியோட மலையடிக்கு வாங்க," என்றாள் முத்தம்மா. "குடிக்காம வாங்க. நாங்க வெட்டி முடிக்கிறவரைக்கும் நில்லுங்க. தெனம் வாங்க. மூங்கில நாங்களே அடுப்புல வச்சிர்றோம். நீங்க வரமுடியாதுன்னா மூங்கில் வரும்."

கிழக்கே மலை விளிம்பு வெளுத்தது. வெயில் ஏறிவிட்டால் மரம் பால் கொடுக்காது. இது கூலிக்கும் தெரியும், துரைக்கும் தெரியும். அவர் வெளுக்கிற மலையைப் பார்த்தார், உட்கார்ந்திருக்கிற பெண்களைப் பார்த்தார், மறுபடி மலையைப் பார்த்தார். விடிகாலை எழுந்து தினம் மலையடியில் நிற்கிற யோசனை அவர் முகத்தில் ஏறி, உடனே இறங்கிப் போனது.

"இவன் பேரை அடி," என்றார் தண்டலிடம், ராமையாவைக் காட்டி.

"அவரு பேர அடிச்சா என் பேரையும் அடிங்க," என்றாள் செல்லாயி, எழுந்திருக்காமலே.

"என் பேரையும்."

"என்னோடதையும்தான் அண்ணே."

வரிசை முழுக்க அது போயிற்று. நாலாம் நம்பர் ஆண்கள் பக்கத்திலிருந்தும் ஒன்றிரண்டு குரல் வந்தது. அந்தோணிமுத்து கிராணி மட்டும் தொண்டையைச் செருமினார். அவரிடமிருந்து அதுவே பெரிய விஷயம்.

துரை குதிரையைத் திருப்பினார். போகலாம் என்றும் சொல்லவில்லை, போகக்கூடாது என்றும் சொல்லவில்லை. கோப்ரல் ஒரு சலாம் போட்டுவிட்டு எதிர்ப்பக்கமாக நடந்தார்.

பெண்கள் வாளியை நிமிர்த்தினார்கள். செல்லாயி மூங்கிலைத் தோளில் தூக்கினாள். ராமையாவைக் கடக்கும்போது நின்று, அவன் இன்னும் இறுக்கிப் பிடித்திருந்த இடுப்பு வேட்டியைப் பார்த்தாள்.

"விடுய்யா, ஒண்ணும் ஆவாது," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதை அவன் பார்த்துவிடக்கூடாது என்று வேகமாக நடந்தாள்.

தண்டலும் ராமையாவும்தான் மிஞ்சினார்கள். சின்னையா புத்தகத்தைத் திறந்து, பென்சிலை நாக்கில் தொட்டு, ராமையாவின் பெயருக்கு நேரே வந்தாச்சு என்று ஒரு கோடு போட்டார்.

"அண்ணே, அடிக்கச் சொன்னாரே?"

"கேட்டா மறந்துட்டேன்னு சொல்லிக்கிறேன். துரைகிட்ட எனக்கும் கொஞ்சம் பாக்கி இருக்கு ராமையா. அந்தக் கிடேரி எட்டு மாசச் சினை." புத்தகத்தை மூடினார். "நாளைக்கு என்ன ஆகுமோ எனக்குத் தெரியாது. இன்னிக்கு உனக்கு வேலை இருக்கு. போ."

ராமையா போகவில்லை. பங்களாப் பாதையில் ஏறிக்கொண்டிருந்த குதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மலையடியில் மூங்கில் வெடித்தது. சத்தம் சுண்ணாம்புப் பாறையில் மோதித் தோட்டம் முழுக்கத் திரும்பி வந்தது. குதிரை நின்றது. துரையின் முதுகு அப்படியே நின்றது. அவர் திரும்பிப் பார்ப்பார், கீழே இறங்கி வருவார் என்று ராமையா காத்திருந்தான்.

இரண்டாவது வெடி கேட்டபோது குதிரை பங்களாவை நோக்கி நடந்துகொண்டிருந்தது.